பட்டை இல்லாத ஆள்

என் மகன் கேம் செய்கிறவன். போனிலும் கம்ப்யூட்டரிலும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிறார்களே, அந்தக் கேம். ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, பொம்மை எப்படி ஓட வேண்டும், எங்கே தடுக்கி விழ வேண்டும் என்று முடிவு செய்வது அவன் வேலை. நான் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கி முதுகு போனவன். கனக்காத எதையும் வேலை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வராது. ஆனால் வீட்டில் அடுப்பு எரிவது பாதி அவன் பொம்மைகளால்தான் என்பதால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மீதிப் பாதி பெரியவளால். பெரியவள் என் மகள், அவனுக்கு அக்கா. கட்டிக்கொண்டவன் வெளியூரில் வேலை என்று போனான், போனவன்தான். அவள் என்னிடமே திரும்பி வந்து ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்தக் கிடங்கின் மாடியில் வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பெண்கள். இடது கையில் ஒரு மெஷின் கட்டியிருக்கும். எந்த அலமாரியில் என்ன எடுக்க வேண்டும் என்று அது காட்டும். ஓடிப்போய் எடுத்து, மெஷினால் அதன்மேல் வெளிச்சம் அடித்து, கூடையில் போட வேண்டும். கொஞ்சம் நின்றால் மெஷின் கத்தும். இன்னும் கொஞ்சம் நின்றால் கீழே சூப்பர்வைசரின் திரையில் நின்றவள் பெயர் சிவப்பாகிவிடும். கக்கூஸ் கீழ்த்தளத்தில், லாரிகள் வந்து நிற்கிற கோடியில். போய் வருகிற நேரத்தையும் மெஷின் சும்மா நின்ற நேரமாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் மாடிப் பெண்கள் யாரும் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் போட்ட சட்டம் இல்லை இது. வாங்குகிற திட்டைக் குறைக்க அவர்களாகவே கண்டுபிடித்த வழி.

பெரியவளுக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் வந்தது. மாத்திரை சாப்பிட்டாள், போனது. திரும்ப வந்தது. அடுத்த தடவை குளிர் ஜுரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா என்னை வைத்துக்கொண்டே அவளைத் திட்டினார்.

"அடக்காதேன்னா கேக்க மாட்டியா? தண்ணி குடி. இப்படியே போனா உன் கிட்னி ரெண்டும் ஆளை விடுன்னு கும்பிடு போட்டுட்டுப் போயிடும்."

பெரியவளும், அவளோடு வேலை செய்கிற வெங்கலமும் மேனேஜரிடம் போனார்கள். வெங்கலம் அவள் பெயரில்லை, குரல். தெருமுனையில் பேசினால் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். மாடியில் ஒரு கக்கூஸ் வேண்டும், போய் வருகிற நேரத்தைக் கணக்கில் பிடிக்கக் கூடாது, இவ்வளவுதான் கேட்டார்கள். மேனேஜர் நல்ல மனுஷர் போலத்தான் இருப்பார். சலவைச் சட்டை, மெல்லிய பேச்சு. "கண்டிப்பா பண்ணலாம்மா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஒவ்வொரு தடவை போனபோதும் தரையைப் பார்த்துக்கொண்டு அதையே சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த என் மகனுக்குத் திடீரென்று ஒரு வேகம் வந்தது. அக்கா வேலையை ஒரு கேமாகச் செய்யப்போகிறேன் என்றான். ஆடிப் பார்த்தால்தான் ஜனங்களுக்கு உறைக்குமாம். ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் அவள் பின்னாலேயே சுற்றினான்.

"அக்கா, அந்த மெஷின் எவ்ளோ நேரம் நின்னா கத்தும்?"

"ஏன், நீ வந்து நிக்கப்போறியா?"

"சொல்லேன்."

"ஒரு தும்மல் வரைக்கும் விடும். ரெண்டாவது தும்மலுக்குக் கத்தும்."

"படி எத்தனை?"

"எண்ணிக்கிட்டா இறங்குவாங்க? அவளவளுக்கு அங்க முட்டிக்கிட்டு நிக்குது."

ஒரு நாள் செய்து முடித்து, முதல் ஆளாக என்னை ஆடச் சொன்னான். எனக்குக் கண்ணும் சரியில்லை, விரலும் தடிமன். இருந்தாலும் ஆடினேன். ஆரம்பத்திலேயே இரண்டு பொம்மை நிற்கும். ஒன்று மாடிப் பெண், ஒன்று சூப்பர்வைசர். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பெண்ணை எடுத்தால் திரையின் மேலே மூன்று பட்டைகள் தெரியும். ஒன்று டார்கெட், ஒன்று அலுப்பு, ஒன்று ஒண்ணுக்கு. மூன்றும் ஏறிக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசரை எடுத்தால் ஒரு பட்டையும் இல்லை. திரை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

"ஏண்டா, இவனுக்குப் பட்டை போட மறந்துட்டியா?"

"மறக்கலப்பா. அவனுக்குக் கிடையாது."

"ஏன், அவனுக்கு ஒண்ணுக்கே வராதா?"

"வரும். ரூமை ஒட்டியே கதவு இருக்கு. போறான், வர்றான். யாரு கணக்குப் பாக்கறா? அதான் அப்படி ஒண்ணு ஏறுதுன்னே அவனுக்குத் தெரியாது. மத்தவங்க தலைக்கு மேல இருக்கறதும் அவன் கண்ணுக்குத் தெரியாது."

சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் எதற்கு மறைக்க வேண்டும், எனக்கு அந்த ஆளாக ஆடத்தான் பிடித்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிவப்பான பெயரைத் தட்டினால் மாடியில் ஒரு பொம்மை துள்ளிக்கொண்டு ஓடும். காலமெல்லாம் தட்டு வாங்கினவன் தட்டுகிற பக்கம் உட்கார்ந்தால் சுகமாகத்தான் இருக்கும்.

பெண் பொம்மையாக ஆடினால் ஒவ்வொரு தடவையும் தோற்றேன். அடக்கிக்கொண்டு ஓடினால் திரை நடுங்கும், கால் பின்னும், கூடை கவிழும். கீழே இறங்கிப் போய்விட்டு வந்தால் டார்கெட் கைவிட்டுப் போயிருக்கும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எழுத்து வந்து நிற்கும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னடா இது, எப்படி ஆடினாலும் தோக்குது?"

"தோக்கறதுக்குத்தான்ப்பா செஞ்சிருக்கேன். இது முடியாத வேலைன்னு தெரியணும்."

"உங்கக்கா தினம் முடிக்கறாளேடா."

அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒரு நாள் அவ டார்கெட்டை விட்டிருக்காளா? கூப்பிட்டுக் கேளு. அவ முடிக்கறத, முடியாதுன்னு நீ எழுதி வச்சா என்ன அர்த்தம்? எங்கக்கா கையாலாகாதவள்னு ஊருக்குச் சொல்றியா?"

பெரியவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "அப்பா சொல்றது சரிடா. தோக்கற மாதிரி வச்சா, இவளுங்களுக்கு வேகம் பத்தலன்னுதான் பேசுவாங்க. நாங்க முடிக்கறோம். எப்படி முடிக்கறோம்னு காட்டு."

அவன் ரொம்ப நேரம் நகத்தைக் கடித்தான். பிறகு ஒரு வழி திறந்து வைத்தான். வேலை ஆரம்பத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல், கோடி அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால், பட்டை நிறைவதற்கு முன்னால் டார்கெட் முடிந்துவிடும். வெற்றி என்று வெளிச்சம் போடும். அதற்குப் பிறகுதான் அவன் வைத்த கதையே. வெளிச்சம் அணைந்து ஆஸ்பத்திரி வரும். அந்தப் பெண் பொம்மை கட்டிலில் கிடக்கும், டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஜெயித்தவனைக் கூட்டிப்போய் ஜெயித்ததன் விலையைக் காட்டுகிறேன் என்றான். நானும் தலையாட்டினேன். இன்றைக்கும் சொல்வேன், அவள் முடித்தாள் என்பது உண்மை. உண்மையைத்தான் வைக்கச் சொன்னேன்.

கேம் வெளியே போயிற்று. யார் யாரோ ஆடினார்கள், அழுதோம் என்று எழுதினார்கள். பேப்பரில் என் மகன் படம் வந்தது. வெங்கலம் வீட்டுக்கே வந்து அவன் தலையில் தட்டினாள்.

"பொம்மைய ஏண்டா இவ்ளோ ஒல்லியா போட்ட? எங்கள்ல யாருடா அப்படி இருக்கா?"

"எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னுதான்க்கா."

"பொதுவா இருந்தா ஒல்லியாத்தான் இருக்கணுமா? நல்ல நியாயம்டா."

கிடங்குக்காரன் வக்கீலை அனுப்புவான் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். வந்தது பூங்கொத்து. கேமை எங்கள் மேனேஜர்கள் எல்லோரும் ஆட வேண்டும், கம்பெனிக்கு என்று ஒன்று கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். வக்கீல் வந்திருந்தால் நானும் ஒரு வக்கீலைத் தேடியிருப்பேன், பூங்கொத்துக்கு யாரைத் தேடுவது?

கேண்டீனில் பெரிய திரை கட்டி ஒரு நாள் கூட்டம் போட்டார்கள். வீட்டு ஆட்களும் வரலாம் என்றதால் நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். மேனேஜர் பெண் பொம்மையாக ஆடினார். எல்லோர் முன்னாலும் தோற்றார். திரை நடுங்கி, கூடை கவிழ்ந்து, வர வேண்டாம் என்று எழுத்து வந்தபோது அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதும்மா. மேல பாத்ரூமுக்கு நான் பொறுப்பு" என்றார்.

பெண்கள் கை தட்டினார்கள். ஒன்றிரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வெங்கலம் மட்டும் பெரியவள் காதில் சொன்னாள். அவள் காதில் சொன்னாலும் எனக்குக் கேட்கும்.

"நேர்ல வந்து நின்னப்பத் தெரியாதது பொம்மையப் பாத்ததும் தெரிஞ்சுடுச்சாம்டி."

"தெரிஞ்சா சரி. உனக்கு எதுலயும் ஒரு நொட்டை."

அடுத்த வாரம் ஒரு கொத்தனார் வந்து மாடியில் ஒரு மூலையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பெரியவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். பல வருஷத்துக்குப் பிறகு.

மேனேஜர் கேமை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தோல்வியைத் தாங்காத ஜாதி மனுஷர். சாப்பாட்டு நேரத்தில், வண்டியில், எங்கே உட்கார்ந்தாலும் அதுதான். ஒரு நாள் காலையில் பெண்களை எல்லாம் கீழே கூப்பிட்டு நிறுத்தினார். முகமெல்லாம் பல்.

"முடிச்சுட்டேம்மா! நேரம் மிச்சம் வச்சு முடிச்சேன். முதல்ல நான் எங்க தப்பு பண்ணேன் தெரியுமா? வந்ததுமே தண்ணி குடிச்சுட்டேன்."

பெரியவள் சொன்னாள். "சார், அது எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா எல்லாரும் செய்யறதில்ல?"

வெங்கலம்தான் வாய் திறந்தாள். "சார், நீங்க உக்காந்துக்கிட்டு ஆடினீங்க."

"கஷ்டம் தெரியாம பேசறேன்னு நினைக்காதம்மா. நானும் அனுபவிச்சிருக்கேன்."

முன்னெல்லாம் கேட்டபோது தரையையாவது பார்த்தவர், அன்றைக்கு அவர்கள் கண்ணைப் பார்த்துப் பேசினாராம். பெரியவள் வீட்டுக்கு வந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரியாதவனிடம் எடுத்துச் சொல்லலாம், தெரியும் என்கிறவனிடம் என்ன சொல்ல முடியும் என்றாள்.

கொத்தனார் திரும்ப வரவில்லை. அவர் அளந்த மூலையில் புது அலமாரி வந்தது. மாடியில் இருந்த தண்ணீர் டிரம்மைக் கீழே வாசலுக்கு இறக்கினார்கள், கண்ணெதிரே இருந்தால் கை போகுமாம். மேனேஜர் மிச்சம் பிடித்த நேரத்துக்குத் தக்கபடி டார்கெட் ஏறியது. அவர் எடுத்த மார்க்கைப் பெரிதாக அச்சடித்து மாடிச் சுவரில் ஒட்டினார்கள், எல்லோருக்கும் ஊக்கமாக இருக்கட்டும் என்று.

என் மகன் அவருக்குப் போன் போட்டான்.

"சார், ஜெயிச்சதுக்கு அப்புறம் ஆஸ்பத்திரி வருமே, அதைப் பாக்கலையா?"

"வந்துச்சு தம்பி. தாண்டிப் போறதுக்குத்தான் ஓரத்துல பட்டன் வச்சிருக்கீங்களே."

எல்லாக் கேமிலும் அந்தப் பட்டன் உண்டாம். கதை வேண்டாதவன் அதை அமுக்கிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விடலாம். பழக்கத்தில் இதிலும் வைத்துவிட்டான். அன்றைக்கே உட்கார்ந்து பட்டனை எடுத்தான், ஜெயிக்கிற வழியையும் அடைத்தான். கம்பெனி வாங்கி வைத்திருந்த கேமில் அவனால் கை வைக்க முடியவில்லை. அதில் பட்டனும் இருந்தது, வழியும் இருந்தது.

பெரியவள் புது டார்கெட்டையும் முடித்தாள். அவள் எதையும் விடுகிற ஆளில்லை. முடித்துவிட்டுக் கீழே இறங்கும்போது படியில் சரிந்தாள். வெங்கலம்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நான் போனபோது பெரியவள் முகம் வீங்கி வேறு யார் முகமோ போல இருந்தது. ஒரு கிட்னி போய்விட்டது, இன்னொன்றில் பாதிதான் வேலை செய்கிறது, இனி மாடியில் ஏறி ஓடுகிற வேலை என்றால் அதுவும் போகும் என்றார் டாக்டரம்மா. இந்தத் தடவை திட்டவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்து மேனேஜர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பாவமாகப் பேசினார்.

"இந்தக் கட்டத்துல நானும் ரெண்டு வாட்டி தோத்திருக்கேம்மா. மனசை விடாத."

அடிக்கலாம் என்றுதான் நாற்காலியை விட்டு எழுந்தேன். நான் அவருக்கு இடம் கொடுக்க எழுந்ததாக நினைத்து, "நீங்க உக்காருங்க பெரியவரே" என்று தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவ்வளவு மரியாதை. பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். புதிதாகச் சேர்கிற பெண்களுக்குக் கேமை வைத்துப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள். ஆபீசுக்கு அடுத்த ரூம், உட்கார்ந்து செய்கிற வேலை. உன்னைப் போல வேலை தெரிந்தவள் சொன்னால் கேட்பார்கள் என்றார்.

பெரியவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க பாத்ரூம் இருக்கா சார்?"

"பக்கத்துலயேம்மா. நம்ம ஆபீஸ் பாத்ரூம்தான்."

வீட்டுக்கு வந்த அன்றைக்கே அக்காளுக்கும் தம்பிக்கும் பிடித்துக்கொண்டது.

"போகாதக்கா. அந்த வழியத்தான் சொல்லிக் குடுக்கச் சொல்லுவான்."

"தெரியும்."

"அப்ப மேல இருக்கறவங்க?"

"என்னை வச்சு நீ கேம் பண்ணப்ப நான் ஏதாவது கேட்டனா? நீ மட்டும் இப்ப கேளு."

"நான் உனக்காகத்தானே பண்ணேன்?"

"எனக்காகத்தான். பேப்பர்ல படம் வந்தது உனக்கு. விடு. நீ கெட்ட எண்ணத்துல பண்ணல, அது எனக்குத் தெரியும். உக்காந்து செய்யற வேலை எனக்கு இந்த ஜென்மத்துல இன்னொண்ணு கிடைக்காதுடா."

அவன் என்னைப் பார்த்தான், ஏதாவது சொல்லுங்கள் என்பதுபோல. நான் சொன்னேன்.

"போம்மா. மத்ததெல்லாம் அப்புறம்."

அப்படித்தான் சொன்னேன். யார் என்ன நினைத்தாலும் கவலையில்லை. மாடியில் இருக்கிறவர்களுக்கும் அப்பன் இருப்பான், அவனவன் பிள்ளையை அவனவன் பார்த்துக்கொள்ளட்டும். என் மகன் பையை எடுத்துக்கொண்டு கூட்டாளி ரூமுக்குப் போய்விட்டான். போன் செய்தால் எடுக்கிறான், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறான், வைத்துவிடுகிறான்.

பெரியவள் புது வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஓடியிருக்கும். முகத்து வீக்கம் வற்றிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெங்கலம் வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் கதவுப் பக்கத்திலேயே நின்றேன். அவள் உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரலே இல்லை. அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை.

"என் பொண்ணு நாளைக்கு சேர்றாடி. உன்கிட்டதான் பயிற்சிக்கு அனுப்பறாங்க."

வெங்கலத்தின் புருஷன் செத்து வெகு காலம் ஆகிறது. பெண்ணுக்கு இவள் மட்டும்தான்.

பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "வேற எங்கயும் பாக்கலையா?"

"பாக்காமலா? இங்கதான் கூப்பிட்டாங்க." வெங்கலம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினாள். "பாவம் பாத்து எதையும் விட்டுடாத. அந்த வழிய முழுசா சொல்லிக் குடு. நீ சொல்லலேன்னா அவ முடிக்க மாட்டா. முடிக்கலேன்னா வச்சுக்க மாட்டாங்க."

பெரியவள் மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"வேகமா நடப்பாளா?"

"ஓடுவா."

"அப்ப அனுப்பு. காலைல டீ கூட வேண்டாம்னு சொல்லு."

வெங்கலம் தலையாட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் யாரோடும் பேசாமல் போனாள்.